அட்டை தாயின் பெயரில், உணவு தலைவரின் கிடங்கில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில் பலதார மணத்தைக் கடைப்பிடித்து வாழும் அடிப்படைவாத மார்மன் (அமெரிக்காவில் தோன்றிய, கிறிஸ்தவ வேர்களுடைய சமயப் பிரிவு) சபையினரைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சிறுமிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை முதல் பாதியில் அக்கறையோடு எழுதிய கட்டுரையாளர், அரசின் உணவு உதவியில் நடந்த மோசடிக்கு வந்ததும், அதே சிறுமிகள் வளர்ந்து தாயானவுடன் அவர்களையே குற்றவாளிகளாக்கிவிட்டார். 'பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டே அரசுப் பணத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்' என்ற வரி என்னை மிகவும் வருத்தியது. அந்த வரிக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு தெளிவு. சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் திருச்சபை 1890-ஆம் ஆண்டிலேயே பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. இன்று அதில் ஈடுபடுகிறவர்களைச் சபையை விட்டே நீக்குகிறது. கட்டுரையில் சொல்லப்படுவது அந்த அறிவிப்பை ஏற்காமல் பிரிந்துபோனவர்களின் வழிவந்த ஒரு சிறு சபை. ஷார்ட் க்ரீக் என்ற பழைய பெயருடைய இடத்தில், யூட்டா பக்கம் ஹில்டேல், அரிசோனா பக்கம் கொலராடோ சிட்டி என்று ஒட்டியிருக்கும் இரட்டை ஊர்கள்தாம் அதன் இருப்பிடமாக இருந்தன. 2002-இல் தந்தை ரூலன் ஜெஃப்ஸ் இறந்தபின் வாரன் ஜெஃப்ஸ் அங்கே தீர்க்கதரிசி, அதாவது சபையின் தலைவர், ஆனார்.

அந்தப் பதவியின் அதிகாரம் எவ்வளவு என்பதைச் சொல்லாமல் மோசடியைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. யாருக்கு யாரை மணமுடிப்பது என்பதை அவரே முடிவு செய்தார். பிடிக்காத ஆண்களை ஊரைவிட்டு விலக்கி, அவர்களுடைய மனைவியரையும் பிள்ளைகளையும் வேறொருவர் வீட்டுக்கு மாற்றினார். பதின்ம வயதுப் பையன்கள் பலர் சிறு காரணங்களுக்காகத் துரத்தப்பட்டனர். வீடுகளும் நிலமும் 1942-இல் தொடங்கப்பட்ட சபை அறக்கட்டளையின் பெயரில் இருந்ததால், குடும்பத்தார் தம் கையால் கட்டிய வீடும் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. ஊர்க் காவலரும் சபையினரே. அங்கிருந்து கிளம்ப நினைக்கும் ஒரு தாய் வீட்டையும், பெற்ற பிள்ளைகளையும், சொந்தபந்தங்களையும் ஒரே நாளில் இழக்கத் துணிய வேண்டியிருந்தது.

இப்போது உணவு உதவிக்கு வருகிறேன். இத்தகைய குடும்பங்களில் பொதுவாக முதல் திருமணம் மட்டுமே சட்டப்படி பதிவாகும். மற்ற மனைவியர் அரசின் கணக்கில் மணமாகாத தாய்மார்கள். பிள்ளைகள் பலர், சொந்த வருமானமும் இல்லை, சொந்த வீடும் இல்லை. இப்படிப்பட்ட ஒருத்தி ஃபுட் ஸ்டாம்ப் எனப்படும் அந்த அரசு உணவு உதவியைக் கேட்டு விண்ணப்பித்தால், பெரும்பாலும் அவள் உண்மையிலேயே அதற்குத் தகுதியானவள்தான். மோசடி நடந்தது அதற்குப் பிறகு.

2016 பிப்ரவரியில் வாரனின் சகோதரர் லைல் ஜெஃப்ஸ் உட்பட 11 பேர் மீது மத்திய அரசு தொடுத்த வழக்கில் அது விரிவாக வெளிவந்தது. மாதந்தோறும் அரசு பணம் ஏற்றித் தரும் அட்டையோடு தாய் ஊர்க் கடைக்குப் போவாள். வாங்கிய மளிகையை அப்படியே சபையின் பொதுக் கிடங்கில் ஒப்படைத்துவிட வேண்டும். அல்லது, அலமாரியிலிருந்து ஒரு பொருளும் இறங்காமலேயே அட்டை இயந்திரத்தில் தேய்க்கப்படும், பணம் கடையின் கணக்கில் சேர்ந்து அங்கிருந்து சபைத் தலைவர்களின் நிறுவனங்களுக்கு நகரும். அந்தச் சிற்றூரின் கடைகளில், பெரிய பேரங்காடிகளுக்கு ஈடாக உணவு அட்டை வரவு ஏறியிருந்தது. அந்தப் பணத்தில் டிராக்டரும் டிரக்கும் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. மொத்த மோசடி சுமார் 1.2 கோடி டாலர் என்று அரசுத் தரப்பு மதிப்பிட்டது. கிடங்கிலிருந்து யாருக்கு எவ்வளவு என்பதைத் தலைவர்களே தீர்மானித்தார்கள் என்பதால், பெயரளவில் உதவி பெற்ற குழந்தைகள் பலர் அரைவயிற்றோடு இருந்தார்கள். கிடங்குக்குப் போனது அவர்களுடைய சாப்பாடு.

எல்லாவற்றையும் சபைக்கு அர்ப்பணிப்பது எங்கள் சமயக் கடமை என்பதே எதிர்த்தரப்பின் வாதம். தன் உணவை மனமுவந்து பகிர்கிற உரிமை எவருக்கும் உண்டு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் கொடுக்க மறுத்தால் பிள்ளையை இழப்போம் என்ற அச்சத்தில் கொடுப்பதைக் காணிக்கை என்று எப்படிச் சொல்வது? லைல் ஜெஃப்ஸ் காலில் கட்டியிருந்த கண்காணிப்புக் கருவியை ஆலிவ் எண்ணெய் தடவிக் கழற்றிவிட்டுத் தப்பி, ஏறக்குறைய ஓராண்டு கழித்துப் பிடிபட்டு, 2017 டிசம்பரில் 57 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். குற்றத்தை ஒப்புக்கொண்ட மற்றவர்கள் பெரும்பாலும் மேற்கொண்டு சிறை செல்லவில்லை. பசித்திருந்த குழந்தைகளுக்கு இது போதிய நீதியாக எனக்குத் தோன்றவில்லை.

உதவித்தொகையை நிறுத்திவிட்டால் இந்தச் சமூகங்கள் தாமே கலைந்துவிடும் என்று கட்டுரையாளர் கருதுகிறார். நிறுத்தினால் முதலில் பட்டினி கிடப்பது தலைவர்களல்லர். 2012-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் யூட்டாவின் ஹரிகேன் அருகே ஒரு பீகன் கொட்டைத் தோட்டத்தில் இச்சபையின் நூற்றுக்கணக்கான சிறுவர்கள் கூலியின்றி அறுவடை வேலை செய்தார்கள் என்பதை நினைவூட்டுகிறேன். அரசுப் பணம் வராவிட்டால் குழந்தைகளின் உழைப்பிலிருந்து எடுத்துக்கொள்ள அவர்களுக்குத் தெரியும்.

அதிரடியாக உள்ளே புகுந்து எல்லாக் குழந்தைகளையும் மீட்க வேண்டியதுதானே என்ற கேள்வியும் கட்டுரையில் எழுகிறது. இருமுறை அது நடந்திருக்கிறது. 1953 ஜூலையில் அரிசோனா ஆளுநர் ஹோவர்ட் பைல் ஷார்ட் க்ரீக்கைச் சுற்றிவளைத்து 260-க்கும் மேற்பட்ட குழந்தைகளை எடுத்துச்சென்றார். தாயிடமிருந்து குழந்தையைப் பிரிக்கும் படங்கள் நாளேடுகளில் வந்ததும் மக்கள் கொதித்தெழுந்தனர். அடுத்த ஆண்டுத் தேர்தலில் பைல் தோற்றார். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு எந்த அரசியல்வாதியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. 2008-இல் டெக்சாஸில் அதே சபையின் பண்ணையிலிருந்து 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கொண்டுசெல்லப்பட்டபோது, நடவடிக்கைக்குக் காரணமான தொலைபேசி அழைப்பே பொய் என்று தெரியவந்தது. மாநில உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால் குழந்தைகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அப்போது கைப்பற்றிய ஆவணங்களும் ஒலிப்பதிவும்தாம் 2011-இல் 12, 15 வயதுச் சிறுமிகளுக்கு இழைத்த கொடுமைக்காக வாரன் ஜெஃப்ஸுக்கு ஆயுள் தண்டனையும் கூடுதலாக 20 ஆண்டும் பெற்றுத் தந்தன என்பது உண்மை. ஆனாலும் அவர் சிறையிலிருந்தபடியே ஊரை ஆண்டார்.

உண்மையான மாற்றம், எவருடைய கண்ணையும் கவராத வழக்குகளால் வந்தது. 2005-இல் யூட்டா நீதிமன்றம் அறக்கட்டளையைத் தன் பொறுப்பில் எடுத்தது. வெளியேறியவர்களும் வெளியேற்றப்பட்டவர்களும் மெல்ல மெல்லத் திரும்பிவந்து வீடுகளைத் தம் பெயருக்குப் பெற்றார்கள். சபையில் சேராதவர்களுக்குக் குடிநீர் இணைப்பு முதற்கொண்டு மறுத்து இரு ஊர் நிர்வாகங்களும் பாகுபாடு காட்டின என்று 2016-இல் நடுவர் குழு முடிவு செய்ததையடுத்து, அவை நீதிமன்றக் கண்காணிப்பின் கீழ் வந்தன. 2017 தேர்தலில் ஹில்டேல் தன் முதல் பெண் மேயராக டோனியா ஜெசப்பைத் தேர்ந்தெடுத்தது. 2020-இல் யூட்டா, வயதுவந்தோர் தம் விருப்பப்படி வாழும் பலதார மணத்துக்கான தண்டனையைச் சிறு அபராதமாகக் குறைத்து, கட்டாயமும் வன்கொடுமையும் கலந்ததைக் கடுங்குற்றமாகவே வைத்தது. கொடுமையைச் சொல்ல வருகிற பெண், தானும் கைதாவோமோ என்று அஞ்சத் தேவையில்லாமல் போகட்டும் என்பதே இதன் நோக்கம். இதை எதிர்ப்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது என்றாலும், இந்தச் சட்டம் சரியென்றே கருதுகிறேன்.

அங்குள்ள பெண்கள் எவருமே தவறு செய்யாதவர்கள் என்று நான் வாதாடவில்லை. 2022 ஆகஸ்டில் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் அருகே சாமுவேல் பேட்மேன் என்பவரின் வாகனம் மறிக்கப்பட்டது. பின்னால் இழுத்துவந்த மூடிய டிரெய்லரின் கதவு இடுக்கில் சின்னஞ்சிறு விரல்கள் தெரிந்ததை யாரோ பார்த்துத் தகவல் கொடுத்திருந்தார்கள். உள்ளே சிறுமிகள் மூவர் இருந்தனர். வாரனுக்குப் பின் தன்னைத் தீர்க்கதரிசி என்று அறிவித்துக்கொண்டு, சிறுமிகள் உட்பட 20-க்கும் மேற்பட்டோரை மனைவியராக்கிக்கொண்ட அவருக்கு 2024 டிசம்பரில் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவருடைய வயதுவந்த மனைவியர் சிலரும் குற்றவாளிகளாயினர். அவர்களிலும் இதே ஊர்ச் சூழலில் வளர்ந்தவர்கள் உண்டு. அவர்கள் வேறொரு வாழ்க்கையைக் கண்டதேயில்லை.

கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில், அங்கிருந்து வெளியேறிய பெண்கள் நீதிமன்றங்களில் அளித்த சாட்சியங்களைக் கட்டுரையாளர் படித்து எழுத வேண்டும் என்றும், நான் மேலே எடுத்துக்காட்டிய வரியைத் தாங்கள் திரும்பப் பெற வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சிராப்பள்ளி