நீங்கள் நன்றாக இருக்கும்போதே, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

அறிவுசார் குறைபாடு உள்ள உங்கள் மகனைப் பற்றிப் போனில் நீங்கள் கேட்டீர்கள்: "டீச்சர், தம்பிக்கு நல்ல ஹோம் ஏதாவது தெரியுமா? இப்ப இல்ல, எங்களுக்கு அப்புறம்." இதே கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருக்கிற மற்ற பெற்றோரும் படிக்கட்டும் என்று நீங்களே சொன்னதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் அந்த "எங்களுக்கு அப்புறம்" வேண்டாம் அக்கா. தம்பிக்கு 26 வயது. இதுவரை ஒரு ராத்திரிகூட உங்களை விட்டு வேறெங்கும் படுத்ததில்லை. நீங்கள் இல்லாமல் போன பிறகுதான் ஹோம் என்றால், ஒரே வாரத்தில் அவனுக்கு அம்மாவும் போய், வீடும் போய், தன் கட்டிலும் தன் தட்டும் போய்விடும். ஏன் போனது என்று அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லவும் ஆள் இருக்காது. அப்படி வந்து சேர்ந்த பெரிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்கள். சிலர் சாப்பிட மறுப்பார்கள். அடம்பிடிக்கிறான் என்று ஊழியர்கள் அதட்டுவார்கள். அந்தப் பிள்ளை அம்மாவுக்காக அழுதுகொண்டிருக்கிறான் என்பது அங்கே யாருக்கும் தோன்றாது.

நீங்கள் நடமாட்டத்தோடு இருக்கும்போதே சேர்த்தால் கதை வேறு. போய்ப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், சண்டை போடலாம். சரிப்படவில்லை என்றால் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்து வேறு இடம் தேடலாம். திரும்பி வர ஒரு வீடு இருக்கும்போதே அவன் வெளியே தங்கிப் பழக வேண்டும். நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான்.

"பெத்த பிள்ளையைக் கொண்டுபோய் ஹோம்ல தள்ளிட்டா" என்று உங்கள் நாத்தனார் சொல்வார் என்கிறீர்கள். சொல்லட்டும். இத்தனை வருஷத்தில் ஒரு மத்தியானம் தம்பியைப் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ப் படு என்று அவர் வந்ததுண்டா? மகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அண்ணனை அவள் பார்த்துக்கொள்வாள் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்களே தவிர, அவளிடம் யாரும் கேட்கவில்லை. உட்கார வைத்துக் கேளுங்கள். மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கிற, கணக்கு வழக்கைக் கவனிக்கிற தங்கையாக இருக்க அவள் சம்மதித்தாலே அது பெரிய பலம்.

இனி இடம் பார்ப்பது. காலை பத்து மணிக்கு, போன் செய்துவிட்டுப் போனால் எல்லா இல்லமும் அழகாகத்தான் இருக்கும். பிசியோதெரபி அறையைக் காட்டுவார்கள், மெழுகுவர்த்தி செய்கிற மேஜையைக் காட்டுவார்கள். சாயங்காலம் ஐந்தரைக்குப் போங்கள். பகல் ஊழியர்கள் கிளம்பிவிடுவார்கள், ராத்திரி ஆட்கள் வந்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் எத்தனை பேருக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். சில இடங்களில் ஆறு மணிக்குச் சாப்பாடு, ஏழு மணிக்கு விளக்கை அணைத்துப் படுக்கச் சொல்லிவிடுவார்கள். இருபது, முப்பது வயது ஆண்பிள்ளைகளுக்கு! அது அவர்களின் தூக்கத்துக்காக இல்லை, ஊழியர்களின் சௌகரியத்துக்காக.

மொட்டை மாடிக்குப் போய்க் கொடியில் காயும் துணியைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பெயரோ நம்பரோ தைத்திருக்கிறதா? குளித்து வந்தவர்களுக்கு ஒரு பொதுக் குவியலிலிருந்து கைக்குக் கிடைத்த சட்டையை மாட்டிவிடும் இல்லங்கள் உண்டு. உங்கள் மகன் அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையைத் தானே எடுத்து, கடைசிப் பொத்தானில் ஆரம்பித்து மேலே போட்டுக்கொண்டு வருவான். அதைக் கற்றுக்கொள்ள அவனுக்கு எவ்வளவு காலம் ஆனது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். பொதுக் குவியல் உள்ள இடத்தில் அது மூன்று மாதத்தில் மறந்துபோகும். பல் தேய்க்கும் பிரஷ் ஆளுக்கு ஒன்று தனியாக இருக்கிறதா, கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, இருப்பவர்களின் நகம் வெட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய ஹால், டைல்ஸ், தோட்டம் எல்லாம் அப்புறம்தான்.

"பிள்ளைகளை அடிப்பீர்களா?" என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வார்கள். "போன தடவை ஒருத்தருக்குக் கோபம் வந்து பொருளை வீசியபோது என்ன செய்தீர்கள்?" என்று ராத்திரி இருக்கிற ஊழியரிடம் கேளுங்கள். தனியாக உட்கார வைத்தோம், கூடவே இருந்தோம், ஏன் வந்தது என்று பார்த்தோம் என்றால் நல்லது. "டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரையைக் கூட்டிட்டோம்" என்ற பதில் உடனே வந்தால் கவனம். பகல் மூன்று மணிக்கு எல்லோரும் அமைதியாகத் தலை தொங்கி உட்கார்ந்திருக்கிற இல்லத்தைப் பார்த்து "எவ்வளவு ஒழுங்கு" என்று மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் மருந்தின் அமைதி.

பிறந்தநாள், நினைவுநாள் என்று நன்கொடையாளர்கள் சாப்பாடு போடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. நல்ல மனசுதான். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, பாட்டுப் பாட வைத்து, போட்டோ எடுக்கவிடும் இடம் எனக்குப் பிடிக்காது. தம்பிக்குக் கூட்டமும் கைத்தட்டலும் ஆகவே ஆகாது. அவனை அதிலிருந்து விலக்கி வைப்பார்களா என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

சேர்த்த முதல் மாதம் பெற்றோர் வரக் கூடாது, அப்போதுதான் பிள்ளை பழகுவான் என்று சில இல்லங்களில் விதி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டும் பார்க்கலாம் என்றும் உண்டு. இந்த இரண்டையும் ஒத்துக்கொள்ளவே கூடாது. எப்போது வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம் என்ற இடம்தான் வேண்டும். பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போக்குவரத்து தானாகக் குறைந்துவிடும். (பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு: கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வாருங்கள் என்று கேட்கும் இடமாக இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.)

பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இப்படிப்பட்ட இல்லங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருப்பது எந்தச் சட்டத்தின் கீழ் வாங்கிய சான்று, எந்தத் தேதி வரை செல்லும் என்று வாசித்துப் பாருங்கள். மனநோய்க்கான விடுதியும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான இல்லமும் ஒன்றில்லை. 2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டமே அறிவுசார் குறைபாட்டை மனநோய் என்ற வரையறையில் சேர்க்கவில்லை. ஆனாலும் இருவரையும் ஒரே கூடத்தில் அடைத்து வைக்கும் இடங்கள் இருக்கின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அந்த விடுதியில் இருந்தவர்கள் மனநோயாளிகள். அவர்களையும் சொந்தக்காரர்கள் நம்பித்தான் விட்டுவிட்டு வந்தார்கள். ராத்திரி வெளிக்கதவை எப்படிப் பூட்டுகிறார்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று நான் எங்கே போனாலும் கேட்பதற்கு அதுவே காரணம்.

சேர்க்கிற விதமும் முக்கியம். முதலில் பகலில் மட்டும், பிறகு ஒரு ராத்திரி, பிறகு சனி ஞாயிறு, பிறகு ஒரு வாரம். அவனுடைய தலையணை, போர்வை, எவர்சில்வர் தட்டு மூன்றும் கூடவே போகட்டும். டெபாசிட் கேட்டால், பாதியில் கூட்டி வந்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பியுங்கள் அக்கா. வலது மணிக்கட்டைக் கடித்தால் அவனுக்குக் காது வலிக்கிறது என்று அர்த்தம். வகுப்பில் நான் அதைக் கோபம் என்று நினைத்துவிடக் கூடாதென்று, சேர்த்த அன்றே வந்து சொன்னவர் நீங்கள். வலிப்பு வருவதற்கு முன் ஒரே இடத்தை உற்றுப் பார்ப்பான். சாம்பாரைச் சோற்றின் மேல் ஊற்றினால் தொட மாட்டான், பக்கத்தில் கிண்ணத்தில் வைத்தால் சாப்பிடுவான். "பஸ்ஸு" என்றால் வெளியே போக வேண்டும். இதெல்லாம் இப்போது உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. எழுதி மூன்று பிரதி எடுங்கள்: ஒன்று மகளுக்கு, ஒன்று டாக்டர் ஃபைலுக்கு, ஒன்று இல்லத்துக்கு.

சட்ட வேலை கொஞ்சம் இருக்கிறது. 18 வயது முடிந்துவிட்டால் அப்பா அம்மாவே ஆனாலும் தானாகச் சட்டப்பூர்வ பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சான்று வாங்க வேண்டும். உங்களுக்குப் பிறகு யார் என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அந்த ஆள் இல்லத்தை நடத்துபவராக இருக்கக் கூடாது. கேள்வி கேட்பவர் வெளியே இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் அரசுப் பள்ளி ஆசிரியராக ஓய்வு பெற்றவர் என்பதால், உங்கள் இருவருக்கும் பிறகு தம்பிக்குக் குடும்ப ஓய்வூதியம் வர வழி உண்டு. ஓய்வூதியக் கோப்பில் அவன் பெயரும் மருத்துவச் சான்றும் இருக்கிறதா என்று இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும். புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

பெயர் சொல்லுங்கள் டீச்சர் என்று மறுபடியும் கேட்பீர்கள். உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன், இரண்டு இடம் மனதில் இருக்கிறது. அதற்கு முன் ஒரு தடவை சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கிற, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்துக்குப் போய், அவனால் தானாக என்னென்ன செய்ய முடியும், எதற்கெல்லாம் ஆள் வேண்டும் என்று மதிப்பீடு எழுதி வாங்கலாம். இல்லத்தில் பேசும்போது அந்தத் தாள் கையில் இருப்பது நல்லது.

ஆதார், யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் கிளம்புவோம். வேலை நாளாக இருக்கட்டும், நான் லீவு போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
தம்பியின் பழைய டீச்சர்