எந்த ரெக்கார்டு, எந்த ஃபீல்டு, என்ன மதிப்பு? தரவு ஒருங்கிணைப்புக் கருவி தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் கருவியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் புகார் டிக்கெட்டுகள் உங்களிடம் ஏற்கெனவே தூங்குகின்றன. படித்ததும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மாதக் கடைசி லோடு மறுபடியும் பாதியில் நின்றது. பழைய கிளை மென்பொருளிலிருந்து வாடிக்கையாளர் விவரங்களை எடுத்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஏற்றும் ஜாப் அது. நடந்ததைப் பதிவு செய்யும் லாகைத் திறந்தால் 'பேட்ச் என்ட்ரி 0 இன்செர்ட் இன்டு' என்று தொடங்குகிறது. ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் ரெக்கார்டுகளின் தொகுப்புதான் பேட்ச், அவற்றை டேபிளில் சேர்க்கும் கட்டளைதான் இன்செர்ட். மதிப்புகள் வர வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள். கடைசியில் 'வாஸ் அபார்ட்டட், கால் கெட்நெக்ஸ்ட்எக்ஸெப்ஷன்', அதாவது கைவிடப்பட்டது, கெட்நெக்ஸ்ட்எக்ஸெப்ஷனை அழை என்று முடிகிறது. மற்ற பிழைகளைப் பார்க்க அந்த மெத்தடை அழைக்க வேண்டுமாம். யார் அழைப்பது? அது ஜாவா நிரல் எழுதியவருக்கு, நிரலையும் டேட்டாபேஸையும் இணைக்கும் ஜேடிபிசி டிரைவர் சொல்லும் சேதி. அந்த நிரலை எழுதியவர்கள் நீங்கள். பெட்டிகளை இழுத்துப் போட்டு அம்புக்குறியால் இணைத்தால் போதும், ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம் என்று சொல்லித்தானே எங்களுக்கு விற்றீர்கள்?

அதற்குக் கீழே ஆயிரக்கணக்கில் ஒரே வரி: 'கரன்ட் டிரான்ஸாக்ஷன் இஸ் அபார்ட்டட்'. போஸ்ட்கிரெஸில் ஒரு டிரான்ஸாக்ஷனுக்குள், அதாவது ஒன்றாக நிறைவேற வேண்டிய கட்டளைத் தொகுப்புக்குள், ஒரு கட்டளை தவறினால், ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திரும்பும்வரை அடுத்து வரும் எதையும் அது ஏற்காது. அதன் இயல்பு அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கருவி நல்ல ரெக்கார்டுகளையும் ஒவ்வொன்றாக அனுப்பி, ஒவ்வொன்றும் திரும்பி வருவதைச் சலிக்காமல் லாகில் எழுதிக்கொண்டே இருக்கிறது.

அன்று நைட் ஷிப்டில் இருந்தவர் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி. வேறு வழியில்லாமல் கோப்பை இரண்டாகப் பிரித்தார். முதல் பாதி ஏறியது, இரண்டாம் பாதி நின்றது. நின்ற பாதியை மறுபடி இரண்டாக்கினார். ஒரு லட்சம் ரெக்கார்டுகளில் ஒன்று மட்டும் கெட்டிருந்தால், இப்படி 17 முறை வரை பிரிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் டேபிளைக் காலி செய்து, ஜாபை ஓட்டி, சிவப்பா பச்சையா என்று காத்திருக்க வேண்டும். கடைசியில் அந்த ஒரு ரெக்கார்டு கையில் வந்தும் எக்செலில் ஒன்றும் தெரியவில்லை. நோட்பேட் பிளஸ் பிளஸில் திறந்தபோதுதான், முகவரியில் 'தெரு' முடிகிற இடத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் 'நல்' (NUL) என்று நின்றது. மதிப்பு 0 கொண்ட ஒற்றை பைட். பழைய மென்பொருள் காலி இடத்தை நிரப்பப் போட்டது. போஸ்ட்கிரெஸ் அதை டெக்ஸ்ட் ஃபீல்டில் அனுமதிக்காது. நீக்க ஒரு ரிப்ளேஸ் போதும். கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிட்டது.

வயிற்றெரிச்சல் எங்கே என்றால், காரணம் அப்போதே சொல்லப்பட்டிருந்தது. போஸ்ட்கிரெஸின் சர்வர் லாகைப் பார்க்க அனுமதியுள்ளவர் காலையில் வந்து திறந்தார். 'இன்வேலிட் பைட் சீக்வென்ஸ்', அதாவது செல்லாத பைட் வரிசை என்று தெளிவாக இருந்தது. அதே செய்தி டிரைவர் வழியாக உங்கள் கருவிக்கும் வந்துதான் இருக்கும். கடிதத்தை நீங்கள் வைத்துக்கொண்டு உறையை மட்டும் எங்களிடம் நீட்டுகிறீர்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். இன்செர்ட் தவறினால் எந்த ரெக்கார்டு, எந்த ஃபீல்டு, என்ன மதிப்பு என்று சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸ் எல்லாப் பிழைக்கும் ஃபீல்டு பெயர் தராது என்பீர்கள். உண்மைதான். ரெக்கார்டு உங்கள் கையில் இருக்கிறதே, அதைக் கொடுங்கள், ஃபீல்டை நாங்களே தேடிக்கொள்கிறோம். பேட்ச் தொடங்கும் முன் ஒரு சேவ்பாயின்ட், அதாவது திரும்பி வர ஓர் அடையாளப் புள்ளி. தவறினால் அதுவரை ரோல்பேக் செய்து, அந்த பேட்சை மட்டும் ஒவ்வொரு ரெக்கார்டாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு சேவ்பாயின்டோடு அனுப்பிப் பாருங்கள். கெட்டதை ரிஜெக்ட் கோப்பில் எழுதி, பக்கத்தில் எஸ்கியூஎல்ஸ்டேட் என்ற பிழைக் குறியீட்டைப் போடுங்கள். 23505 என்றால் கீ ஏற்கெனவே இருக்கிறது, 22001 என்றால் நீளம் மீறிவிட்டது, 23502 என்றால் காலியாக விடக்கூடாதது காலி. அந்த ஐந்து எழுத்து போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

டேட்டாபேஸ்காரர்களே மாறிவிட்டார்கள். நீளமான மதிப்பு வந்தால் ஆரக்கிள் 12899 என்ற எண்ணோடு ஃபீல்டின் பெயரையும் வந்த நீளத்தையும் அனுமதித்த நீளத்தையும் தருகிறது. எஸ்கியூஎல் சர்வர் பல வருடம் 8152 என்ற எண்ணோடு ஏதோ வெட்டுப்படும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. 2019 பதிப்பிலிருந்து டேபிள், ஃபீல்டு, மதிப்பு மூன்றையும் சொல்கிறது.

உங்கள் சப்போர்ட்டிலிருந்து வந்த பதிலையும் சொல்லிவிடுகிறேன். கேஷ் மெமரியை அழியுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், புதிய பதிப்புக்கு மாறுங்கள். மாறினோம். ஐகான்களின் நிறம் மாறியிருக்கிறது. திரையின் மூலையில் ஓர் உதவி ரோபோ வந்து, இன்று என்ன செய்யலாம் என்று கேட்கிறது. என்ன பிழை என்று கேட்டால், பிழைகளைக் கவனமாகப் படிக்கும்படி அறிவுரை சொல்கிறது. லைசென்ஸ் கட்டணம் ஏறியதற்கான மின்னஞ்சலில் மட்டும் எந்த ஃபீல்டிலும் கேள்விக்குறி இல்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். தனிநபர் தகவல் லாகில் வரக்கூடாது என்பதால்தான் மதிப்புகளை மறைக்கிறோம் என்று உங்கள் பொறியாளர் ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான பேச்சு. அவர் ஒருவர்தான் கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதியவர் என்பதால் அவருக்கு நன்றி. லாகில் வேண்டாம். அனுமதி உள்ளவர் மட்டும் திறக்கக்கூடிய ஃபோல்டரில் ரிஜெக்ட் கோப்பாக வையுங்கள். லாகில் வரிசை எண்ணும் காரணமும் இருந்தால் போதும்.

எந்த ரெக்கார்டு, எந்த ஃபீல்டு, என்ன மதிப்பு. அடுத்த பதிப்பில் இதைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அந்த 'நல்' பைட்டை வைத்துப் பொய்யான பெயர், முகவரியோடு ஒரு சின்ன சோதனைக் கோப்பு தயாரித்து டிக்கெட்டில் இணைத்திருக்கிறோம். ஓட்டினால் உடனே நிற்கும். பார்த்து முடிக்கும்வரை தயவுசெய்து டிக்கெட்டை மூடிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கருவியை இரவில் ஓட்டும் ஒரு குழுவின் சார்பில்