கறிவேப்பிலையைப் புழுவுக்கு விட்டுக்கொடுத்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் வணக்கம்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் அங்கன்வாடிக்கு ஆடியிலிருந்து கார்த்திகை வரை நீங்கள் செய்ததற்கெல்லாம் நேரில் நன்றி சொல்லத்தான் நினைத்தேன். ஒருவரிடம் சொன்னால் இன்னொருவர் விட்டுப்போகிறார். அதனால் எழுதிவிடுகிறேன். பேர் போடாதீங்க என்று பாதிப்பேர் சொல்லிவிட்டீர்கள். சரி, யார் பேரும் போடவில்லை. யார் யார் என்று ஊருக்குத் தெரியும்.

முதலில் செம்மண். வீடு கட்டும் இடத்துக்கு டிராக்டரில் மண் கொண்டுபோன அண்ணன் வழியில் நிறுத்தி, எங்கள் வாசலோரம் பத்து அன்னக்கூடை கொட்டிவிட்டுப் போனார். அதைப் பரப்பி, குச்சி நட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முழம் பாத்தி பிரித்துக் கொடுத்தோம். ஆளுக்கொரு பாத்தி என்பது என் யோசனை இல்லை. ஜெர்மனியில் ஃபிரோபெல் என்பவர் 1837இல் சின்னக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். பேச்சுக்கு இல்லை, அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் நிஜமாகவே ஒரு துண்டு நிலம் இருந்தது. நான் அதை இரண்டு மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்து, மறந்தும் போயிருந்தேன். மண்ணைக் கொட்டியதும் ஞாபகம் வந்தது.

கொல்லைமேட்டுத் தாத்தா தன் கேழ்வரகு நடவில் மிஞ்சிய நாற்று ஒரு கட்டும், ஒரு சொம்பு அவரை விதையும் கொடுத்தார். அவரையை ஊன்றிய மறுநாளே வம்பு. நாலு வயதுப் பையன் ஒருவன் தினமும் வந்ததும் விதையைத் தோண்டி எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி புதைத்தான். மூன்று நாள் சொல்லிப் பார்த்தேன். நாலாம் நாள் கத்தியேவிட்டேன். கூட்டிக்கொண்டு போக வந்த அவன் பாட்டி, "ஏம்மா அவனப் போட்டு அதட்டற? தோண்டறதுக்குன்னே பத்து வெத தனியா ஊனி வுடு" என்றார். அப்படித்தான் ஓரத்தில் தோண்டும் பாத்தி ஒன்று உண்டானது. இரண்டு நாள் கழித்து அவன் எடுத்த விதையில் தோல் வெடித்து, வெள்ளையாக ஒன்று வளைந்து நின்றது. "டீச்சர், வால் மொளச்சிருக்கு!" அன்றைக்கு முழுக்க வால் பார்க்க வரிசை. அப்புறம் அவனே காவல்காரன் ஆகிவிட்டான், தோண்ட வந்தவர்களிடம் "வால் ஒடஞ்சிடும், போ" என்று. நான் மூன்று நாள் தொண்டை வறளச் சொன்னதும் அதைத்தான். பாட்டிக்கு என் கும்பிடு.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஆயா கறார். குடிக்க வரும் ஒகேனக்கல் காவிரித் தண்ணீரில் ஒரு சொட்டு செடிக்குக் கிடையாது. நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் அளவுக்கு ஃப்ளோரைடு இருக்கும் நம் பக்கத்தில் அது நியாயம்தான். கை கழுவியது, அரிசி கழுவியது எல்லாம் செடிக்கு. டீக்கடை அண்ணன் எண்ணெய்க் கேன்களைச் சேர்த்து வைத்து, ஆணியைக் காய்ச்சி மூடியில் ஓட்டை போட்டு, பூவாளியாக்கித் தந்தார்.

பக்கத்து வீட்டுத் தையல் அக்காவுக்குத்தான் பெரிய கடன். மழைக்குப் பிறகு அவர் கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் ஊர்ந்தது. சில நாளில் பச்சையாகி விரல் நீளம் வளர்ந்தது. ஒருத்தி ஈர்க்குச்சியால் லேசாகத் தொட, தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீண்டு ஒரு நாற்றம் வந்தது பாருங்கள், பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் தையல் மெஷினே நின்றுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் மருந்து அடித்திருப்பார்கள். (போன வருஷம் நானே அடித்தேன்.) அக்காவோ, "தின்னட்டும் விடுங்க, கொழம்புக்கு நான் கடையில வாங்கிக்கறேன்" என்றார். செடி மொட்டையானது.

அம்மாக்கள் கொடுத்த பழைய புடவைகளில் கூட்டுப்புழு விளையாட்டு ஆடினோம். சுற்றிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும், நான் பத்து எண்ணியதும் பிரித்துக்கொண்டு பறக்க வேண்டும். நிஜக் கூட்டில் ஐந்துக்கு இரண்டுதான் தேறின. ஒன்றை ஓணான் கொண்டுபோனபோது இரண்டு பேர் அழுதார்கள். முதல் பட்டாம்பூச்சி கசங்கின ஈரச் சிறகோடு தொங்கியபோது யாரும் தொடவில்லை. தொடாதே என்று நான் சொல்லவும் இல்லை.

கேழ்வரகில் பாதியை ஆடு மேய்ந்தது. ஆட்டுக்காரரே மறுநாள் முள் வெட்டி வந்து வேலி கட்டினார். மிஞ்சியதில் மூன்று கைப்பிடி தேறியது. ஆயா தன் வீட்டு மாவையும் சேர்த்து, ஆளுக்கு ஒரு சின்ன அடை சுட்டுப் போட்டார்.

படிக்க அனுப்பினால் மண்ணில் விடுகிறீர்களே என்று கோபித்தவரையும் சொல்ல வேண்டும். அந்தக் கவலை தப்பில்லை. அவர் பையன் அவரைச் செடியின் இலையை வைத்துத்தான் பதினைந்து வரை எண்ணக் கற்றான் என்று சொல்லியும் அவருக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் அடுத்த வாரத்திலிருந்து பையன் பழைய சட்டையில் வருகிறான். அந்தச் சட்டைக்கும் நன்றி.

ஒரு வேண்டுகோள். தோண்டும் பாத்திக்கு விதை தீர்ந்துவிட்டது. அவரை மீந்திருந்தால் ஒரு கைப்பிடி கொடுத்தனுப்புங்கள். சொத்தை வேண்டாம், காவல்காரன் கண்டுபிடித்துவிடுகிறான்.

அன்புடன்,
உங்கள் அங்கன்வாடி டீச்சர்