அப்பாவின் பிக்கப்பும் 18590 பேரிங்கும்

வேலூர்,
ஞாயிறு காலை

அன்பு நண்பனுக்கு,

பேத்தி பிறந்த செய்தியோடு நீ எழுதிய கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. குழந்தையும் தாயும் நலமாக வீடு திரும்பியிருப்பார்கள். தங்கையின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே அம்மா நன்றாக இருக்கிறார். கண் மட்டும் கொஞ்சம் மங்கல். உன் பேத்திக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று தினமும் என்னைக் கேட்கிறார். மறக்காமல் எழுது.

பதில் தாமதமானதற்குக் காரணம் தோப்புக் கொட்டகையில் நிற்கிறது. அப்பாவின் பிக்கப்பை மறுபடி ஓட வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். தை மாதம் தொடங்கிய வேலை. இன்னும் முடியவில்லை, ஆனால் முடியும் என்ற நம்பிக்கை இப்போது வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு அந்த வண்டியை விளக்க வேண்டியதில்லை. 1986இல் அப்பா வாங்கிய மகிந்திரா. நீள சேஸிஸ், நான்கு சக்கர இழுவை, பியூஜோ டீசல் இன்ஜின், பின்னால் மரப்பலகையில் கட்டிய தொட்டி. விடியற்காலை நாலரை மணிக்கு இலவம்பாடிப் பக்கத்திலிருந்து முள்ளுக் கத்தரிக்காய்க் கூடைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், வெளுப்பதற்குள் நேதாஜி மார்க்கெட்டில் இறக்கிவிடுவார். கூடைகளுக்கு நடுவே நீயும் நானும். இறங்கி ஊரிசு கல்லூரிக்கு நடந்து போகும்போது சட்டையெல்லாம் காம்பு முள் குத்திய தடம். அந்தக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நீ தொலைபேசியில் அழைத்தாயே, அன்று இரவுதான் கொட்டகைக்குப் போய் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளம் தோப்புக்குள் புகுந்து மூன்று நாள் நின்றது. சக்கரத்தின் பாதி வரை தண்ணீர். வடிந்த பிறகு நாங்கள் வீட்டைத்தான் கழுவினோம். வண்டியை யாரும் நினைக்கவில்லை.

சென்ற மார்கழியில் காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து எடைக்குக் கேட்டார். இரும்புக்கு ஒரு விலை, இன்ஜினுக்குத் தனி விலை. அம்மா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் எழுந்து உள்ளே போன விதத்தைப் பார்த்ததும், வண்டியைக் கொடுப்பதில்லை என்று அந்த மனிதரிடம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மெக்கானிக் பாய் நினைவிருக்கிறாரா? அப்பா காலத்தில் பட்டறையில் கையாளாக இருந்தவர். இப்போது அவருக்கே அறுபதைத் தாண்டிவிட்டது. வெயிலுக்கு முன் காலை ஆறு மணிக்கு வருவார், பத்து மணிக்கு எழுந்து போய்விடுவார். முதல் நாளே ஒரு பாடம் கிடைத்தது. அவரோடு வந்த பையன் இடப்பக்க முன் சக்கரத்து நட்டைக் கழற்ற நீளமான பைப்பை மாட்டி அதன்மேல் ஏறி நின்றான். நட்டு ஏறும் திருகாணி, அதாவது ஸ்டட், இரண்டு முறிந்துவிட்டது. பாய் ஓடி வந்து மீதி ஸ்டட்டின் முனையைத் துணியால் துடைத்துக் காட்டினார். அதில் 'எல்' என்று ஓர் எழுத்து. பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கு எதிர் மரை, அதாவது திருகு எதிர்த்திசையில் ஓடும். சக்கரம் உருளும் திசையில் நட்டு தானாகத் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக முதல் ஜீப்பான அமெரிக்க வில்லிஸ் காலத்தில் வைத்த ஏற்பாடு. கழற்றுவதற்கு வலமாகத் திருப்ப வேண்டும். பையன் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இத்தனை வருடம் அந்த வண்டியில் உட்கார்ந்து வந்தும் எனக்குத் தெரியாதது. சேஸிஸ், சக்கரம், ஆக்சில் எல்லாம் அமெரிக்க ஜீப்பின் வழி வந்தவை. அங்கே அங்குல அளவு. இன்ஜின் பிரெஞ்சுக்காரர்களுடையது, அங்கே மில்லிமீட்டர். ஒரே வண்டிக்கு இரண்டு ஸ்பானர் பெட்டி வேண்டும். அப்பாவின் மரப்பெட்டியில் ஸ்பானர்கள் இரண்டு துணியில் தனித்தனியாகச் சுற்றிக் கட்டியிருந்ததற்கு அர்த்தம் இப்போதுதான் புரிந்தது. ஒரு துணி அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையின் கிழிசல்.

இனி பேரிங் கதை. இதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

சக்கரத்தின் நடுக்கூடான ஹப்பைத் திறந்தால், பேரிங்கில் கிரீஸ் இருந்த இடத்தில் சேறு. உருளைகள் எல்லாம் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தன. வேலூரில் நான்கு கடை ஏறி இறங்கினேன். "எந்த வண்டி?" என்பார்கள். சொல்வேன். "அந்த வண்டிக்கு இப்போது ஒன்றும் வருவதில்லை" என்பார்கள், பெட்டியைக்கூடத் திறக்காமல். சென்னைக்குப் போனேன், புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். அங்கேயும் ஒரு கடையில் அதே பதில். இன்னொரு கடையில் ஒரிஜினல் என்று சொல்லிக் கொடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் பழையதை மெருகேற்றி எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியிருக்கிறார்கள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பாய் அந்தப் பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தார். உள்வளையத்தின் ஓரத்தில் எண் தெரிந்தது: 18590. வெளிக்கிண்ணத்தில் 18520. "வண்டி பெயரைச் சொல்லாதீர்கள். இதை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு பேரிங் கடைக்குப் போங்கள்" என்றார். வண்டிச் சாமான் கடைக்கு அல்ல, மோட்டாருக்கும் ஆலை இயந்திரங்களுக்கும் பேரிங் விற்கும் கடைக்கு. சீட்டை நீட்டினேன். கடைக்காரர் எந்த வண்டி என்று கேட்கவே இல்லை. ஏணியில் ஏறி இறங்கி ஐந்து நிமிடத்தில் மேசைமேல் வைத்துவிட்டார். உள்விட்டம் 41.275 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 73.025. வாயில் நுழையாத இந்த எண்களை அங்குலத்துக்கு மாற்றிப் பார்: ஒன்றரையும் எட்டில் ஒன்றும், இரண்டே முக்காலும் எட்டில் ஒன்றும். போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் முன் சக்கரத்திலும் இதே எண்தான் ஓடியது. எண்பது வருடமாக அந்த அளவு மாறவில்லை, இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். இல்லை என்று எனக்குச் சொன்னவர்கள் வண்டியின் பெயரைத் தேடினார்கள்.

அன்றிலிருந்து தேடும் முறையையே மாற்றிக்கொண்டேன். சட்டைப்பையில் எப்போதும் விட்டம் அளக்கும் வெர்னியர் கருவி. ஆயில் சீல் வேண்டுமா, உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண்ணை எழுதிக்கொண்டு போவேன். கிராஸ் ஜாயின்ட் வேண்டுமா, கப்பின் விட்டமும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ள நீளமும். பாதிச் சாமான்கள் இப்படி வேறு பெயர்களில், வேறு இயந்திரங்களுக்கானவையாக அலமாரிகளில் கிடக்கின்றன.

ஆனால் எல்லாவற்றையும் எண் காப்பாற்றிவிடாது. டயர் விஷயத்தில் ஏமாறப் பார்த்தேன். இந்த வண்டிக்கு 6.00-16. கேட்டதும் கடையில் கொடுத்துவிட்டார்கள், விலையும் குறைவு. பாய் பார்த்துவிட்டு உருட்டித் தள்ளினார். டிராக்டர் முன் சக்கரத்து டயர்! அளவு அதேதான். ஆனால் நீளவாட்டில் வரிவரியாக மேடு வைத்தது, வயலில் திரும்புவதற்குச் செய்தது. ஆணைக்கட்டு சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு அது ஆகாது. திருப்பிக் கொடுத்துவிட்டு ஜீப் டயர் வாங்கினேன்.

முறிந்த ஸ்டட் இரண்டும் அதைவிடப் பெரும்பாடு. அரை அங்குலம், எதிர் மரை. ராணிப்பேட்டையில் நல்ல லேத் பட்டறைகள் இருக்கின்றன, ஒருவர் கடைந்து தருவதாகச் சொன்னார். பாய் ஒப்புக்கொள்ளவில்லை. "பார்க்க ஒன்றாக இருக்கும். உள்ளே இரும்பு வேறு. சக்கரம் கழன்றால் யார் பதில் சொல்வது?" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. கடைசியில் புதுப்பேட்டைக்கு மறுபடி போய், உடைப்பதற்கு வந்த ஒரு கண்டம் வண்டியின் இடப்பக்க ஹப்பை முழுசாக வாங்கிவந்தேன். அதிலிருந்து ஐந்து ஸ்டட்டும் கிடைத்தன; பிரேக் டிரம் ஒன்று உபரி.

இன்ஜினைப் பற்றிப் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. எக்ஸ்.டி.பி. 4.90 என்ற பெயரிலேயே அதன் ஜாதகம் இருக்கிறது: நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம். மொத்தம் 2112 சி.சி. தண்ணீர் உள்ளே ஏறவில்லை. ஹெட்டை இறக்கி வால்வு உரசி உட்கார வைத்தோம். ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே வைக்கும் தகடான ஹெட் பேக்கிங்தான் இங்கே கிடைக்கவில்லை. பெங்களூர் ஜே.சி. சாலைக்குப் போகும்போது பழைய பேக்கிங்கைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துப் போனேன். மகிந்திரா டீசல் என்றதும் முதல் கடையில் எடுத்து வைத்தது மகிந்திராவின் இன்னொரு டீசலான எம்.டி.ஐ. இன்ஜினுக்கானது. அதன் சிலிண்டர் 88.9 மில்லிமீட்டர். தாளின்மேல் வைத்ததும் துளைகள் எதுவும் சேரவில்லை. தாள் இல்லாமல் போயிருந்தால் பெட்டியின் மேல் மகிந்திரா என்று படித்துவிட்டு வாங்கி வந்திருப்பேன். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர், தாளைப் பார்த்த கணமே "பியூஜோவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் இரண்டு பேக்கிங். இரண்டையும் வாங்கிவிட்டேன்.

டீசலைத் தூவும் நாசில்கள் நான்கையும் டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடையில் சோதித்தோம். இரண்டு சாரலாகத் தூவின, மற்ற இரண்டும் சொட்டின. மாற்றியாகிவிட்டது. பிரேக் ரப்பர்கள் வேலூரிலேயே கிடைத்தன. சோளிங்கரில் பிரேக் பாகங்களுக்கு வார்ப்பட ஆலையே இருக்கும்போது நாம் எங்கெங்கோ அலைவது எனக்கு எப்போதும் வியப்பு. பின் ஸ்பிரிங்கின் மெயின் பிளேட் ஒன்று விரிசல் விட்டிருந்தது. பட்டறையில் அளவெடுத்துப் புதிதாக அடித்து வளைத்துத் தந்தார்கள்.

தொட்டியில் மட்டும் எனக்கும் டிங்கருக்கும் சிறு வாக்குவாதம். பக்கப் பலகையில் அப்பாவின் பெயரும், ஊரும், 'வடஆற்காடு மாவட்டம்' என்ற வரியும் மஞ்சள் எழுத்தில் இருந்தது உனக்கு நினைவிருக்கும். பலகை உளுத்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். புதுப் பலகையில் வேலூர் மாவட்டம் என்று எழுதிவிடலாமா என்று கேட்டார். 1989இல் பிரித்தார்கள், பிறகு பெயரை மாற்றினார்கள், 2019இல் மறுபடி மூன்றாகப் பிரித்தார்கள். வடஆற்காடு என்று இன்றைக்கு ஒரு மாவட்டம் கிடையாது. அலுவலகத்தில் கேட்டால் முகவரியை வேறிடத்தில் சரியாக எழுதிக்கொள்ளலாம், இந்தப் பலகையில் அப்பா எழுதியபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பழைய எழுத்துகளின்மேல் தாள் வைத்து ஒற்றி எடுத்திருக்கிறேன். அந்தக் கால ஓவியரின் 'ழ'கரத்துக்கு ஒரு தனி வளைவு இருக்கிறது. அதுவும் அப்படியே வர வேண்டும்.

சென்ற வியாழக்கிழமை காலை இன்ஜினை எழுப்பினோம். ஹீட்டர் பிளக் சூடாகும் வரை பாய் கண்ணை மூடி எண்ணினார். முதல் தடவை செல்ப் சுற்றியதோடு சரி. இரண்டாவது தடவை வெள்ளைப் புகை. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. அதன் ஐடிலிங் உனக்குத் தெரியுமே, ஒரு துடிப்பு விட்டு ஒரு துடிப்பு கனமாக விழும். அம்மா வீட்டிலிருந்து தோப்பு வரை யார் துணையும் இல்லாமல் நடந்து வந்துவிட்டார். பானட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். இன்ஜினை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஒரு லிட்டர் டீசல் அப்படியே போயிருக்கும்.

எப்.சி. என்ற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் வேலைகள் பாக்கி. அந்த அலைச்சலைத் தனியாக எழுதுகிறேன்.

இப்போது உன்னிடம் ஓர் உதவி. ஸ்பீடாமீட்டர் போய்விட்டது. வெள்ளத்தில் நனைந்து டயலே உப்பிவிட்டது. வேலூர், சென்னை, பெங்களூர் மூன்றிலும் கிடைக்கவில்லை. கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றனவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார். வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்காதே. இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். டயலின் வெளிவட்டம், பின்னால் கேபிள் திருகும் இடத்தின் விட்டம், பிடிப்புக்கான இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரம் எல்லாவற்றையும் அளந்து வரைந்திருக்கிறேன். தாளை நேரே பொருள்மேல் வைத்துப் பார். கண்ணாடி உடைந்திருந்தாலும் பரவாயில்லை, முள் வளைந்திருந்தாலும் பரவாயில்லை. உள்ளே பல்சக்கரம் சுற்றினால் போதும், வாங்கிவிடு.

ஆவணியில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு நீங்கள் எல்லோரும் வாருங்கள். முன் இருக்கைக்கு ஆம்பூரிலிருந்து தோல் வாங்கித் தைக்கக் கொடுத்திருக்கிறேன். காட்பாடி ரயில் நிலையத்துக்கு வண்டியோடு வந்து நிற்பேன்.

என்றும் உன்
பழைய கூட்டாளி