மீனாவுக்கு, நீ கேட்ட அந்த ஏற்பிகளைப் பற்றி

அன்புள்ள மீனாவுக்கு,

நீ அனுப்பிய பழைய ஆய்வுக் கட்டுரையை நிதானமாகப் படித்தேன். பதற்ற நோய் உள்ளவர்களின் ரத்தத்தில், டயசெபாம் மாதிரியான பதற்றம் தணிக்கும் மருந்துகள் ஒட்டும் ஏற்பிகள் (மருந்து வந்து ஒட்டுவதற்கு இடம் கொடுக்கும் புரதங்கள்) குறைவாக இருந்தன என்று அதில் பார்த்துவிட்டு, "அப்போ என் உடம்பிலேயே கோளாறா அம்மா? இதுக்கு டெஸ்ட் ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருக்கிறாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். மருந்தியல் பாடம் எடுத்தே காலம் தள்ளியவள் நான். எழுதினால்தான் எனக்குக் கோவையாக வரும்.

1977இல் டென்மார்க்கில் பிரேஸ்ட்ரப், ஸ்குவைர்ஸ் என்ற இருவர், கதிரியக்கம் ஏற்றிய டயசெபாம் எலியின் மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். மூளையில் அதற்கென்றே ஏற்பிகள் இருந்தன. ஆனால் சிறுநீரகம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றிலும் அந்த மருந்து ஒட்டியது. அது வேறு ரகம். பின்னால் இதயத்திலும், ரத்தத் தட்டணுக்களிலும் (டெங்கு வந்தால் எண்ணிப் பார்ப்போமே, அதேதான்) அதைக் கண்டார்கள். அட்ரினல் சுரப்பியில் மிக அதிகம். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் உட்கார்ந்திருக்கும் ஒரு புரதம் அது. 2006இல் அதற்கு டிஎஸ்பிஓ என்று பெயர் மாற்றினார்கள்.

தட்டணுவில் இருப்பது ஆராய்ச்சிக்காரர்களுக்கு நல்ல வசதி. உயிரோடு இருக்கும் மனிதனின் சிறுநீரகத்தை வெட்டிப் பார்க்க முடியாது. ஆனால் கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்துவிடலாம். அப்படிச் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு, இஸ்ரேல் ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்டது. பாராசூட் பயிற்சிக்கு வந்த ராணுவ வீரர்களிடம் பயிற்சி தொடங்கும்போது ரத்தம் எடுத்தார்கள். ஆறு நாள் தரைப் பயிற்சி முடிந்ததும் மறுபடி எடுத்தார்கள். நாலாவது முறை விமானத்திலிருந்து குதித்து இறங்கியதும் இன்னொரு முறை. முதல் குதிப்புக்கு முன்பே ஏற்பிகள் லேசாகக் குறைந்தது போலத் தெரிந்தது, ஆனால் அதைக் கணக்கில் எடுக்க முடியாது. நாலாவது குதிப்புக்குப் பிறகு 26 சதவீதம் குறைந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், மன அழுத்தத்துக்கு வழக்கமாக அளக்கிற கார்டிசால் ஹார்மோன் அசையவே இல்லை. புரோலாக்டின் என்ற ஹார்மோனும் அப்படியே.

அந்த வீரர்கள் நோயாளிகள் இல்லை, மீனா. திடமான பையன்கள். திரும்பத் திரும்ப பயத்தை எதிர்கொண்டதில் அவர்கள் உடம்பு அப்படி மாறியது. அதிர்ச்சி கொடுத்து, தப்பிக்க வழியில்லாமல் வைத்த எலிகளின் சிறுநீரகத்திலும் இதே மாதிரிக் குறைவைப் பார்த்திருக்கிறார்கள். 1987இல் வந்த இன்னோர் ஆய்வில், பதற்ற நோயாளிகளின் தட்டணுவில் குறைந்திருந்த ஏற்பிகள் டயசெபாம் சிகிச்சைக்குப் பிறகு சாதாரண அளவுக்கு ஏறிவிட்டன. குறைகிறது, திரும்ப ஏறுகிறது. பிறவிக் கோளாறு இப்படி நடந்துகொள்ளாது. உன் கேள்விக்கு என் பதில் இதுதான்.

அதற்காக இந்த ஏற்பிதான் உன் படபடப்புக்குக் காரணம் என்று நினைத்துவிடாதே. ஒன்று மட்டும் கவனி. நீ சாப்பிடுகிற குளோனசெபாம் டயசெபாமின் இனம்தான், ஆனால் அது இந்த டிஎஸ்பிஓவில் ஏறக்குறைய ஒட்டுவதே இல்லை. ஆனாலும் உனக்கு அரைமணி, ஒரு மணி நேரத்தில் நெஞ்சு அடங்குகிறது அல்லவா? அது மூளையில், நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா-ஏ என்ற ஏற்பி வழியாக நடக்கிற வேலை. கொலஸ்டிராலை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுபோய் ஸ்டீராய்டு ஹார்மோன் (கார்டிசாலும் அந்த வகைதான்) தயாரிக்க டிஎஸ்பிஓ உதவுகிறது, அதனால்தான் மன அழுத்தத்தோடு அதற்குச் சம்பந்தம் என்று நாங்கள் வகுப்பில் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். 2014இல் அந்த மரபணுவையே நீக்கிய எலிகள் பிழைத்துக் கிடந்து ஸ்டீராய்டும் தயாரித்துக் காட்டின. அதோடு அந்தப் பாடம் ஆட்டம் கண்டது, சண்டை இன்னும் ஓயவில்லை. ஆகவே எந்த லேப்காரனாவது "ஏற்பி டெஸ்ட்" என்று பணம் கேட்டால் கொடுக்காதே. ஆளுக்கு ஆள் அளவு வித்தியாசப்படும். உன் ஒருத்தியின் எண்ணை வைத்து எந்த டாக்டரும் எதையும் முடிவு செய்ய முடியாது.

மாமா "எல்லாம் மனசுதான், யோகா பண்ணு" என்றாராமே. யோகா பண்ணு, நல்லதுதான். ஆனால் மாத்திரையை அவர் பேச்சைக் கேட்டு நிறுத்தாதே. நான் பயப்படுவது அதற்குத்தான். வாரக்கணக்கில் தினமும் குளோனசெபாம் போட்டால் மூளையின் காபா ஏற்பிகள் அதற்குப் பழகி மந்தமாகிவிடும். சட்டென்று நிறுத்தினால் பழைய பதற்றம் இரட்டிப்பாகத் திரும்பும், தூக்கம் போகும், சிலருக்கு வலிப்பே வரும். அதற்காக வருஷக்கணக்கில் தொடரவும் கூடாது. உன் இன்னொரு மாத்திரை, பதற்றத்துக்கான எஸ்சிடாலோபிராம், வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் வழக்கமாக இதையும் சேர்த்துத் தருவார்கள். ஆபீஸ் பார்ட்டியில் ஒரு மடக்கு என்று யாராவது நீட்டினால் வேண்டாம் என்றுவிடு. இந்த மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சையே அமுக்கும்.

அடுத்த வாரம் டாக்டரிடம் போகும்போது இதை மட்டும் கேட்டு வா: குளோனசெபாமை எப்போதிலிருந்து குறைக்கலாம், எத்தனை நாளுக்கு ஒரு தரம் எவ்வளவு குறைக்க வேண்டும், மற்ற மாத்திரை எத்தனை மாதம். அவர் சீட்டில் எழுதியதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா