அமானாவில் அடுப்புதான் பொது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதுச் சமையலறைகள் பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரை, அமெரிக்காவின் அயோவா மாநிலத்து அமானா குடியிருப்புகளில் பெண்கள் 'அடுப்பிலிருந்து விடுபட்டார்கள்' என்கிறது. வீடுகளில் அடுப்பு இல்லை என்பது மெய். பெண்களுக்கு அடுப்படி இல்லை என்பது மெய்யல்ல.

ஜெர்மனியிலிருந்து வந்த சமயக் குழுவினர் 1855 முதல் 1932 வரை அங்கே 7 ஊர்களில் சொத்தைப் பொதுவில் வைத்து வாழ்ந்தனர். சமையலறைகள் 50க்கு மேல். ஒவ்வொன்றிலும் 30, 40 பேருக்குத் தினம் 5 வேளை: மூன்று சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி. செங்கல் கட்டி இரும்புத் தகடு போர்த்திய நீளமான விறகடுப்பு. 14 வயதில் படிப்பு முடிந்த பெண்பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் வந்து சேர்ந்தனர். ஒரு வாரம் சமையல், மறு வாரம் காய்கறி, அதற்கடுத்த வாரம் பாத்திரமும் பந்தியும் என்று முறை மாறும். கைக்குழந்தைக்காரிக்கு விலக்கு உண்டு. இந்த இரண்டும் நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை.

ஆனால் சமையலறையோடு ஒட்டிய தோட்டமும் பெண்கள் பொறுப்பு. கோஸ் ஊறுகாயை மட்டும் பாருங்கள். மெல்லிசாகச் சீவிய 100 கிலோ முட்டைக்கோசுக்கு 2 முதல் 2.5 கிலோ உப்பு பிசறி, பீப்பாயில் இடித்து இறுக்கி, மேலே பலகையும் கல்லும் ஏற்ற வேண்டும். கோஸ் விட்ட நீர் அதை முழுக்க மூடி நிற்க வேண்டும். கொஞ்சம் வெளியே தெரிந்தாலும் அங்கே பூஞ்சை பிடிக்கும். உப்பு குறைந்தால் குழைந்து நாறும். பனிக்காலத்தில் 40 பேர் இலைக்கு (அங்கே தட்டுக்கு) காய் இந்தப் பீப்பாயிலிருந்தும்தான்.

நிர்வாகக் குழுவின் 13 பேரும் ஆண்கள். வாக்குரிமைகூட விதவைகளுக்கும், சார்பில் வாக்களிக்க ஆண் இல்லாத 30 வயது கடந்த பெண்களுக்கும் மட்டுமே. இதே ஊரில்தான், வேலைக்காரப் பெண்ணாக வாழ்வைத் தொடங்கிய பார்பரா ஹைன்மன் லாண்ட்மன் 1883இல் இறக்கும்வரை சொன்னதைக் கடவுள் வாக்காக எழுதிவைத்தார்கள்!

நாளடைவில் பல குடும்பங்கள் கூடையில் சோற்றை வாங்கிப்போய் வீட்டில் உண்ணத் தொடங்கின. சமைப்பவர் வேலை குறையவில்லை. வீட்டில் பரிமாறிக் கழுவும் வேலை கூடியது. கட்டுரை இதைத் தொடவே இல்லை. 1932இல் பொதுவுடைமை கலைந்தபோது, சமையலறை வைத்தே கட்டாத வீடுகளில் இருக்கிற அறை ஒன்றில் அடுப்பு மூட்ட வேண்டியதாயிற்று.

பெரிய திருத்தம் வேண்டாம். 'அடுப்பிலிருந்து' என்ற இடத்தில் 'தனி அடுப்பிலிருந்து' என்று போட்டால் போதும்.

வாசகி, தஞ்சாவூர்