ஒளு எதற்காகச் செய்கிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த தண்ணீர்ச் சிக்கனக் கட்டுரையைப் பாராட்டி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் படித்தேன். பாதியில் ஒரு வரி வந்தது. தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது, அதாவது முஸ்லிம்களான நாங்கள் ஒளு என்று சொல்வது, பாலைவனத் தூசியைப் போக்க வந்த பழக்கமாம், தினமும் குளிப்பவர்களுக்கு இன்று அது தேவையில்லையாம். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

தாங்கள் படித்தவர், பல சமய நூல்களை அறிந்தவர். தண்ணீர் கிடைக்காதபோது தயம்மும் செய்கிறோம் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். சுத்தமான மண்ணில் உள்ளங்கைகளை வைத்து எடுத்து முகத்திலும் கைகளிலும் தடவிக்கொள்கிறோம். தூசியைப் போக்குவதுதான் நோக்கம் என்றால் மண்ணைத் தொடச் சொல்வார்களா? காற்றுப் பிரிந்தால் ஒளு முறிகிறது, ஆனால் திரும்பக் கழுவுவது முகத்தையும் கைகால்களையும்தான். தலைக்கு மஸஹ் செய்யும்போது, அதாவது ஈரக் கையால் தடவும்போது, சில முடிகளில் ஈரம் பட்டால் போதும் என்கிறது ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு), தலையில் கால் பங்கு என்கிறது ஹனஃபி மத்ஹப். அதனால் எந்தத் தலையில் அழுக்குப் போகும்? காலில் தோலுறை அணிந்திருந்தால் காலைக் கழுவாமல் அதன் மேல் ஈரக் கையால் தடவலாம், ஊரில் இருப்பவருக்கு ஒரு நாள், பயணிக்கு மூன்று நாள். மார்க்கம் நம் யோசனைப்படி அமைந்திருந்தால் தோலுறையின் மேற்புறத்தைவிட அடிப்புறத்தைத்தான் தடவ வேண்டியிருக்கும் என்று நபியவர்களின் மருமகன் அலி (ரலி) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கட்டுரையாளரின் கேள்விக்கு அன்றே பதில் இருக்கிறது.

உடல் சுத்தம் அதில் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. ஆனால் நிய்யத்தோடு, வணங்கும் எண்ணத்தை மனதில் கொண்டு நிற்கும் அந்தச் சில நிமிடங்கள் தொழுகைக்கான வாசல். குர்ஆனில் 5:6 வசனம் முகம், முழங்கை வரை கைகள், தலை, கணுக்கால் வரை கால்கள் என்று சொல்லி, தயம்முமையும் சொல்லி, உங்களைச் சிரமப்படுத்த அல்லாஹ் விரும்பவில்லை, தூய்மைப்படுத்தவே விரும்புகிறான் என்று முடிகிறது.

இது முதல் தடவையாக இருந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். முன்பு ஒருமுறை ஒளுவை விளக்கும் படத்தில் காலை முதலில் கழுவுவதாகப் போட்டிருந்தீர்கள். இன்னொரு முறை உடல் முழுவதையும் கழுவும் கடமையான குளிப்பையும் ஒளுவையும் ஒன்றாக்கி எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் கடிதம் எழுதினேன். ஒன்றும் பிரசுரமாகவில்லை, ஒரு வரி பதிலும் இல்லை. நான் வேலை பார்த்த இடத்தில் கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் முகம் சுளித்ததைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

என் உம்மா கடைசி மாதங்களில் படுக்கையோடு இருந்தார்கள். ஒவ்வொரு தொழுகை நேரத்திலும் நான்தான் ஒரு சின்னக் குவளையில் தண்ணீர் ஊற்றுவேன். அந்த ஒரு குவளை போதுமானதாக இருந்தது. புண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொன்ன நாட்களில் தயம்மும். என் பெயர் அவர்களுக்கு மறந்துபோன பிறகும், முகம் கழுவியதும் வலது கையைத் தானாக நீட்டுவார்கள். அவர்கள் மௌத்தானபோது குளிப்பாட்டியவர்களில் நானும் இருந்தேன். வலப்பக்கத்திலிருந்தும் ஒளுவின் உறுப்புகளிலிருந்தும் தொடங்குங்கள் என்பது, தம் மகளைக் குளிப்பாட்டிய பெண்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னது. அதன்படி உம்மாவின் வலது கையை நான் எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன். அந்தக் கை அன்று நீளவில்லை. இதையா தூசிக்காகச் செய்யும் பழக்கம் என்று எழுதுகிறீர்கள்?

சரி, தண்ணீர் விரயம் பற்றிச் சொன்னது நியாயம். குழாயை முழுதாகத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே ஒளு செய்பவர்களைப் பார்த்தால் எனக்கும் கோபம் வரும். நபி (ஸல்) அவர்கள் 'முத்து' என்னும் அரபு அளவில் ஒன்று, அதாவது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவுத் தண்ணீரில் ஒளு செய்திருக்கிறார்கள். ஏறக்குறைய முக்கால் லிட்டர் என்று கணக்குச் சொல்கிறார்கள். கட்டுரையாளர் இதை எழுதியிருந்தால் அவர் சொல்ல வந்ததற்கு வலுச் சேர்ந்திருக்கும், நாங்களும் தலைகுனிந்து கேட்டிருப்போம். தேவையில்லை என்று சொல்லிவிட்டதால் யாரும் கேட்கப் போவதில்லை.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அப்புறம், இனி இதைப் பற்றி எழுதும்போது 'கைகால் கழுவுவது' என்று எழுதாமல் ஒளு என்றே எழுதுங்கள். இந்தக் கடிதம் நீளம் என்று தோன்றினால் சுருக்கிக்கொள்ளலாம். உம்மாவைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி